செய்யாத குற்றத்தை ஏற்பது ஏன்?

"குற்றம் செய்தவனே எளிதில் ஒப்புக்கொள்வதில்லை, குற்றம் செய்யாதவன் ஒப்புக்கொள்வானா?" என்று கேட்டால், "ஒருகாலும் மாட்டான்" என்றுதான் நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கூறிக்கொண்டிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது சட்டப் புத்தகமும் அன்று, மனத்தத்துவ நூலும் அன்று. என் வீட்டில், நானே நடத்திய ஒரு விசாரணை.

பல ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் வடநாட்டு நகரம் ஒன்றில் குடியிருந்தோம். அவ்வூர்த் தமிழன்பர்கள் பொங்கல் விழாவுக்கென்று திரட்டிய பணம் என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் மாலை எண்ணிப் பார்த்தபோது 300 ரூபாய் குறைந்தது. பிறர் பணம், ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் நாணயம் கெட்டவன் என்று பெயர் எடுத்துவிட்டால் தலைநிமிர முடியாது. அலமாரியைத் திறக்கக்கூடியவர்கள் மூன்றே பேர்: நான், என் மனைவி, 11 வயது நிரம்பிய என் மகன். ஐயம் யார்மீது விழுந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மாலை 6 மணிக்குக் கேட்கத் தொடங்கினேன். அவனை நான் அடிக்கவில்லை. "உண்மையைச் சொல்லிவிடு, உன்னை ஒன்றும் செய்யமாட்டேன்" என்றேன். "எடுக்கவில்லை" என்றான். மறுபடியும் கேட்டேன். "பட்டம் வாங்கினாயா? மாஞ்சா நூல் வாங்கினாயா? மீதியை எங்கே வைத்திருக்கிறாய், மாடிப்படிக்குக் கீழேயா?" என்று துருவினேன். இரவு 10 மணிக்கு அவன் ஒப்புக்கொண்டான். பட்டமும் நூலும் வாங்கினானாம்; மீதியை மாடிப்படிக்குக் கீழே வைத்தானாம். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். பணம் இல்லை. "யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்" என்று தலைகுனிந்தபடி கூறினான்.

நான்காம் நாள் ரசீதுப் புத்தகத்தின் அட்டை உறைக்குள்ளிருந்து அந்த நோட்டுகள் வெளிவந்தன. அங்கே செருகி வைத்து மறந்தவன் நான்தான்.

"பின் ஏனடா ஒப்புக்கொண்டாய்?" என்று கேட்டேன். "அம்மா சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தாள், அப்பா. எனக்கும் தூக்கம் வந்தது. ஆமாம் என்று சொன்னால் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்" என்றான்.

அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தேன். பட்டம், நூல், மாடிப்படி இவற்றில் ஒன்றையாவது அவன் தானாகக் கூறியிருந்தானா? இல்லை. அத்தனையும் என் வாயிலிருந்து அவன் செவிக்குப் போய், அவன் வாய்வழியே எனக்கே திரும்பி வந்தவை. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பார்கள். கேள்விமேல் கேள்வி கேட்டாலும் அவ்வாறே நகரும் என்பதை அன்று கண்டுகொண்டேன். வீட்டில் நடந்த தவற்றுக்குத் தந்தை வருந்தினால் போதும். இதுவே போலீஸ் ஸ்டேஷனில் நடந்தால் என்ன ஆகும்?

மூவகை ஒப்புதல்

பொய்யான ஒப்புதலைப் பற்றி அறிஞர்கள் ஆராயத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மனத்தத்துவப் பேராசிரியராக விளங்கிய ஹ்யூகோ மன்ஸ்டர்பர்க் 1908-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், உண்மையல்லாத ஒப்புதல்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். 1985-இல் ஸால் காஸின், லாரன்ஸ் ரைட்ஸ்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இவற்றை மூவகையாகப் பிரித்தனர்.

முதலாவது, எவரும் வற்புறுத்தாமலே ஒருவன் தானாக ஏற்பது. தம்பியைக் காப்பதற்காகத் தமையன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வது இவ்வகை. இரண்டாவது, தான் நிரபராதி என்று நன்கு தெரிந்திருந்தும், நெருக்கடியிலிருந்து தப்பினால் போதும் என்று ஏற்பது. என் மகன் செய்தது இதுதான். மூன்றாவது வகை வியப்புக்குரியது. கேட்கக் கேட்க, "ஒருவேளை நான்தான் செய்தேனோ? எனக்கு நினைவில்லாமல் போயிற்றோ?" என்று தன் நினைவின்மீதே நம்பிக்கை இழந்து ஏற்பது.

மூன்றாம் வகை கதையில் மட்டும் வருவது என்று எண்ணவேண்டா. 1973-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 18 வயது இளைஞன் ஒருவன் வீடு திரும்பியபோது தாய் கொலையுண்டு கிடக்கக் கண்டான். உதவிக்கு ஆள் அழைத்தவனே அவன்தான். பொய்யறியும் கருவி அவனைக் குற்றவாளியாகக் காட்டுகிறது என்று போலீஸார் கூறினர். நெடுநேர விசாரணைக்குப் பின் அவன் தானே செய்திருக்கக்கூடும் என்று நம்பிக் கையெழுத்திட்டான். தண்டனையும் பெற்றான். பிறகு உண்மை தெளிந்து, 1976-இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

நியூயார்க் நகரத்துப் பூங்கா

இத்துறையில் உலகெங்கும் பேசப்படும் வழக்கு நியூயார்க் நகரில் நடந்தது. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் தேதி இரவு, சென்ட்ரல் பார்க் என்னும் பெரிய பூங்காவில் ஓடிப் பயிற்சி செய்துகொண்டிருந்த 28 வயதுப் பெண்மணி கொடுமையாகத் தாக்கப்பட்டு, உயிர் ஊசலாடும் நிலையில் கண்டெடுக்கப்பட்டார். பிழைத்தெழுந்தபோது அவருக்கு அன்றிரவு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. நகரம் கொதித்தது. அன்றிரவு பூங்காவில் திரிந்த இளைஞர் கூட்டத்திலிருந்து 14 முதல் 16 வயது வரையுள்ள ஐந்து சிறுவர்கள்மீது வழக்குத் தொடரப்பட்டது. நால்வர் கறுப்பினத்தவர், ஒருவன் ஸ்பானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவன்.

பல மணி நேர விசாரணைக்குப் பின் நால்வர் காமிராவின் முன் அமர்ந்து குற்றத்தை விவரித்தனர். ஒவ்வொருவனும் அடுத்தவன்மீது பெரும்பழியைச் சுமத்தினான். சாட்சியாகச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று எண்ணியதாகப் பிற்காலத்தில் கூறினர். தாக்குதல் நடந்த இடம், நேரம், முறை ஆகியவற்றில் நால்வர் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெண்மணியின் உடலில் கிடைத்த மரபணுத் தடயம் ஐவரில் ஒருவருடையதாகவும் இல்லை. ஆயினும் ஜூரிகள் ஒப்புதலையே நம்பினர். 1990-இல் ஐவரும் தண்டிக்கப்பட்டனர்.

2002-இல், வேறு குற்றங்களுக்காகச் சிறையிலிருந்த ஒருவன், "அதைச் செய்தவன் நான், நான் ஒருவனே" என்று முன்வந்து கூறினான். மரபணு அவனுடையதோடு பொருந்தியது. அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்புகள் ரத்தாயின. ஐவரில் மூத்தவர் ஏறக்குறைய 13 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தார். 2014-இல் நகர நிர்வாகம் 4 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டஈடு வழங்க இசைந்தது. ஐவருள் ஒருவரான யூசுப் சலாம் 2023-ஆம் ஆண்டுத் தேர்தலில் நியூயார்க் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வழக்கில் பெற்றோர் நெஞ்சில் நிறுத்தவேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. சலாமின் தாயார் ஸ்டேஷனுக்கு வந்து விசாரணையை நிறுத்தச் செய்தார். ஆகவே அச்சிறுவன் காமிராவின் முன் பேசவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை. மற்றொரு சிறுவனின் தந்தையோ, போலீஸார் கேட்க விரும்புவதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வா என்று தம் மகனிடமே கூறினாராம். மகன் பிற்காலத்தில் மனம் நொந்து சொன்னது இது. அந்தத் தந்தைக்கும் மகன்மீது பாசம் இல்லாமல் இல்லை. பிள்ளை அன்றிரவே வீடு திரும்பவேண்டும் என்ற ஆவலே அவரை அப்படிச் சொல்ல வைத்தது. பிள்ளையைப் போலவே பெற்றோரும் அந்த அறையில் தளர்ந்துபோகிறார்கள்.

லண்டன் தந்த பாடம்

1972 ஏப்ரலில் தென்கிழக்கு லண்டனில் தீப்பற்றிய ஒரு வீட்டில் கொலையுண்ட ஒருவரின் உடல் கிடைத்தது. 18, 15, 14 வயதுள்ள மூன்று சிறுவர்கள் பிடிக்கப்பட்டனர். மூத்தவனுக்கு உடலால் வயது 18; அறிவு வளர்ச்சியோ ஏறத்தாழ 8 வயதுக் குழந்தையினுடையது. பெற்றோர் உடனில்லாமலே விசாரணை நடந்தது. மூவரும் ஒப்புக்கொண்டனர், அவ்வாண்டு நவம்பரில் தண்டனையும் பெற்றனர். ஆனால் மரணம் நிகழ்ந்த நேரத்தை மருத்துவ நிபுணர்கள் மீண்டும் ஆராய்ந்தபோது, அச்சிறுவர்கள் ஒப்புக்கொண்டபடி அது நடந்திருக்கவே முடியாது என்று புலனாயிற்று. 1975 அக்டோபரில் மேல் நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது.

ஆங்கிலேயர் அத்துடன் விட்டுவிடவில்லை. 1977-இல் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அதன் விளைவாக ராயல் கமிஷன் அமைந்தது. 1984-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் முறை வந்தது. சிறுவரை விசாரிக்கும்போது அவர் நலம் நாடும் பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்னும் விதியும் நிலைபெற்றது.

ஆராய்ச்சிச் சாலையில் கண்டது

இத்தகைய வழக்குகள் அபூர்வமானவை என்று வாதிக்கலாம். அதற்கு விடையாக 1996-இல் காஸினும் அவர் மாணவியும் நடத்திய சோதனை அமைந்தது. கல்லூரி மாணவர்களை ஒரு கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தட்டச் சொன்னார்கள். "குறிப்பிட்ட ஒரு விசையை மட்டும் தொடவேண்டா, தொட்டால் எல்லாம் அழிந்துவிடும்" என்று எச்சரித்தார்கள். சிறிது நேரத்தில் கருவி தானே நின்றது. "நீ அந்த விசையை அழுத்திவிட்டாய்" என்று மாணவர்மீது குற்றம் சாட்டினார்கள். உண்மையில் ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆயினும் 69 சதவீதத்தினர் எழுதி நீட்டிய ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டனர். 28 சதவீதத்தினர் தாமே செய்ததாக நம்பியும் விட்டனர். வேகமாகத் தட்டச் செய்து, "இவர் அழுத்தியதை நான் பார்த்தேன்" என்று பக்கத்திலிருந்தவரும் பொய்ச்சாட்சி கூறியபோது, கையெழுத்திட மறுத்தவர் ஒருவர்கூட இல்லை!

இதே போன்ற சோதனையை 2003-இல் ஆலிசன் ரெட்லிக், கெயில் குட்மன் என்னும் ஆராய்ச்சியாளர்கள் வயதுவாரியாக நடத்தினர். கையெழுத்திட்டவர்கள் இளம் வாலிபர்களில் 59 சதவீதம். 15, 16 வயதினரில் 72 சதவீதம். 12, 13 வயதினரில் 78 சதவீதம். வயது குறையக் குறைய இசைவு கூடுகிறது. 2016-இல் வெளியான மற்றொரு சோதனை தூக்கத்தின் பங்கைக் காட்டியது. இரவு நன்றாகத் தூங்கியவர்களில் 18 சதவீதமும், ஓரிரவு கண்விழித்தவர்களில் 50 சதவீதமும் முதல் வேண்டுகோளுக்கே கையெழுத்திட்டனர்.

உண்மை வழக்குகளும் இதையே கூறுகின்றன. ஸ்டீவன் டிரிஸின், ரிச்சர்ட் லியோ என்னும் இருவர் 2004-இல் பொய்யென்று ஐயமற நிறுவப்பட்ட 125 ஒப்புதல்களைத் தொகுத்து வெளியிட்டனர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் 18 வயதுக்குட்பட்டவர்கள். கால அளவு தெரிந்த வழக்குகளில் விசாரணை சராசரியாக 16 மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தது.

இளமையின் பலவீனம்

சிறுவர் ஏன் எளிதில் வீழ்கின்றனர்? பின்விளைவை எடைபோட்டு ஆசையையும் அச்சத்தையும் அடக்கும் மூளையின் முன்பகுதி, ஏறத்தாழ 25 வயதளவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. பத்தாண்டுச் சிறை என்பது 14 வயதுச் சிறுவனுக்குத் தொலைவில் தெரியும் மலை. இன்றிரவு வீட்டுக்குப் போவது என்பதோ கண்முன் திறக்கும் கதவு. கதவைத்தான் அவன் பார்ப்பான்.

இரண்டாவதாக, பெரியவர் சொல்லுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று நாமே அவனைப் பழக்கியிருக்கிறோம். தந்தையிடமும் ஆசிரியரிடமும் "ஆமாம்" என்று சொல்லிப் பழகிய நா, அதிகாரியிடம் மட்டும் "இல்லை" என்று எத்தனை முறை சொல்லும்?

மூன்றாவது காரணம் விந்தையானது. குற்றமற்ற தன்மையே அவனுக்குப் பகையாகிறது. "நான்தான் ஒன்றும் செய்யவில்லையே, எனக்கு எதற்கு வக்கீல்? உண்மை தானே வெளிவரும்" என்று அவன் எண்ணுகிறான். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், போலி விசாரணையில் மௌனம் சாதிக்கும் உரிமையைக் கைவிட்டவர்கள், தவறு செய்தவர்களில் 36 சதவீதம். ஒரு தவறும் செய்யாதவர்களில் 81 சதவீதம்.

விசாரிப்பவரின் சூழ்ச்சியும் இதில் சேர்ந்துகொள்கிறது. இல்லாத சான்று இருப்பதாகப் போலீஸார் கூறி வாங்கும் ஒப்புதல் அதனால் மட்டும் செல்லாது போகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969-இல் தீர்ப்பளித்தது. சிறுவரிடம் அத்தகைய பொய் கூறலாகாது என்று இலினாய், ஆரிகன் மாநிலங்கள் 2021-இல்தான் சட்டம் இயற்றின.

நம் நாட்டில்

இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் மிக முன்னதாகவே விழித்துக்கொண்டது. அதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1855-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளைப் பற்றி ஆராய்ந்த கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தது முதலான கொடுமைகள் அதில் பதிவாயின. போலீஸ் அதிகாரியிடம் கூறிய ஒப்புதல் செல்லாது என்னும் விதி 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் நிலைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக அது தொடர்கிறது. ஒப்புதலைத் தொடர்ந்து ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்பைச் சார்ந்த பகுதி மட்டும் விலக்கு. தன்னைத்தானே குற்றவாளியாக்கும் சாட்சி கூற எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 20-ஆம் விதி.

18 வயது நிரம்பாதவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. அவரைப் போலீஸ் காவலறையிலோ சிறையிலோ அடைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, இளைஞர் நீதிக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். பெற்றோருக்குச் செய்தி சொல்லவேண்டும். எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வாங்கலாகாது என்று அச்சட்டத்தின் கீழ் 2016-இல் வகுத்த மாதிரி விதிகள் கூறுகின்றன.

சட்டம் இருந்தும் தவறு நேராமலில்லை. 2017-இல் குருகிராமில் பள்ளிச் சிறுவன் ஒருவனின் கொலைக்காகப் பேருந்து நடத்துநர் ஒருவர் கைதானார். அவர் பத்திரிகையாளர் முன்னிலையிலேயே குற்றத்தை ஏற்றார். நாடே நம்பியது. மத்தியப் புலனாய்வுத் துறை ஆராய்ந்தபோது அவருக்கு எதிராகச் சான்று இல்லை என்று தெரிந்தது. 2018-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வயது முதிர்ந்தவர் கதியே இதுவானால் பள்ளிப் பிள்ளையின் கதி என்ன?

நாம் செய்யத்தக்கவை

சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. நம் பிள்ளைகள் இங்குள்ள மொழியைச் சரளமாகப் பேசுகிறார்கள். பெற்றோரில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. நீட்டிய தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல், "எப்படியாவது பிள்ளையை விட்டால் போதும்" என்று கையெழுத்திட்டுவிடுகிறோம். படித்தறிய முடியாத தாளில் கையெழுத்து இடவேண்டா. வக்கீலை அழைக்கும் உரிமை உண்டு. வசதியற்றவருக்கும் குழந்தைகளுக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை ஏற்படுத்தித் தரும். மொழியறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அர்த்தராத்திரியில் வந்து அழைத்தாலும் உடன் புறப்பட அன்பர் இருவர் மூவர் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பாராயின், அது விழாக்கள் பல நடத்துவதினும் சிறந்த தொண்டாகும்.

பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்கவேண்டும்: "உண்மையைச் சொல். செய்யாததை, யார் கேட்டாலும், எத்தனை முறை கேட்டாலும், வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னாலும் செய்ததாகச் சொல்லாதே. 'என் அப்பா அம்மா வரட்டும்' என்று கேள்."

வீட்டிலும் நம் முறை மாறவேண்டும். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளை பேசும்வரை பொறுத்திருக்கவேண்டும். விடையைக் கேள்வியிலேயே பொதிந்து கொடுக்கலாகாது. காணாததைக் கண்டதாகக் கூறி மிரட்டலாகாது. பசியும் தூக்கமும் உள்ளபோது விசாரணை கூடாது. காலையில் கேட்டாலும் உண்மை உண்மையாகவே இருக்கும். ஒப்புக்கொண்ட பின்பும், அவன் சொன்னதில் நாம் சொல்லிக்கொடுக்காதது எது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். தீர விசாரித்து அறிவதே மெய் என்று நம் முன்னோர் கூறியது அரசருக்கு மட்டும் அன்று.

என் மகனுக்கு இப்போது அவன் மகனை வளர்க்கும் பொறுப்பு. சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது அந்த 300 ரூபாய்ப் பேச்சு எழுந்தது. "அப்பா, உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் மாடிப்படிக்குக் கீழே தனியாகத் தேடிப் பார்த்தேன். ஒருவேளை நிஜமாகவே நான் வைத்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டே கூறினான்.

அவனோடு சேர்ந்து சிரிக்க என்னால் இயலவில்லை.